குறையுள்ள பழைய கைக்கடிகாரத்தை எடைபோடுவது எப்படி?

பழைய கைக்கடிகாரம் சேர்க்கத் தொடங்கும் ஒருவர் முன்னால் ஒரே மாடலில் இரண்டை வைத்துப் பாருங்கள். ஒன்றின் டயல் பழுத்த இலைபோல் மஞ்சளேறியிருக்கும்; கண்ணாடி முழுக்கக் கீறல். மற்றொன்றின் டயல் நேற்றுதான் அச்சடித்ததுபோல் வெள்ளை, கேஸ் என்னும் உலோகக் கூடு பளபளக்கும். அவர் கை இரண்டாவதைத்தான் நாடும். என் கையும் அதைத்தான் நாடியது. வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோது எழுத்துகளின் ஓரம் தாளில் மை கசிந்ததுபோல் பரவியிருந்தது. டயலின் அடியில் இருக்க வேண்டிய சின்ன ‘ஸ்விஸ்’ என்ற சொல்லையே காணவில்லை. யாரோ பழைய டயலைச் சுரண்டி மறுபூச்சு பூசியிருந்தார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை; நான்தான் எதையும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டே கேள்விகள். இந்தக் குறையைச் செய்தது காலமா, மனிதக் கையா? இது நின்றுபோன குறையா, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குறையா? காலம் செய்து, நின்றுபோன குறை என்றால் தயங்காமல் வாங்கலாம். கை செய்த குறை மதிப்பைத் தின்னும். வளரும் குறை கடிகாரத்தையே தின்னும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் வழிகள்தாம்.

முதல் படி: பார்க்கப் போகும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸ் ஒன்று, சிறிய டார்ச் விளக்கு ஒன்று, புற ஊதாக் கதிர் விளக்கு ஒன்று, சாதாரணத் திசைகாட்டி ஒன்று. தொடக்கத்துக்கு இவை போதும். பின்மூடி திறக்கும் கருவிகளைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். கருவி கையில் இருந்தால் திறக்கத் தோன்றும். பழகாத கை திறந்த கடிகாரத்தின் பின்மூடியில் புதுக் கீறல் விழும்.

கருவிகளைவிட முக்கியமானது, ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது. எல்லா நிறுவனங்களையும் எல்லா ஆண்டுகளையும் யாராலும் கற்க முடியாது. ஒரு நிறுவனம், ஒரு மாடல், ஒரு பத்தாண்டு என்று எடுத்துக்கொண்டு, அதன் நூறு படங்களையாவது அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத்தின் வளைவு, முள்ளின் நீளம், கேஸின் விளிம்பு ஆகியவை கண்ணில் பதிந்துவிட்டால், பொய்யானது தானாகவே உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாமலும் உறுத்தும்; அந்த உறுத்தலை நம்பலாம்.

இரண்டாம் படி: டயல்

நேரத்தில் பாதியை இங்கேயே செலவிடுங்கள். இயந்திரத்தைச் சரிசெய்யலாம், கண்ணாடியை மாற்றலாம், வாரைப் புதிதாகப் போடலாம். அசல் டயல் கெட்டால் கெட்டதுதான். அதே மாடலின் நல்ல டயல் தேடினால், பல வேளைகளில் முழுக் கடிகாரத்தின் விலைக்கு நெருக்கமாக வந்து நிற்கும்.

மறுபூச்சு டயலைக் கண்டுபிடிக்க எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். தொழிற்சாலை அச்சு மென்மையான அச்சுப் பட்டையால் ஒற்றி எடுக்கப்பட்டது. லென்ஸில் பார்த்தால் கோடு கூர்மையாக, மை சற்று மேடாக, சீராக இருக்கும். மறுபூச்சில் கோடு தடித்திருக்கும், அல்லது ஓரம் பிசிறும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவே சரியாகச் சேர்கின்றனவா என்று பன்னிரண்டு இடங்களிலும் பாருங்கள். ஆறு மணிக்குக் கீழே நாட்டின் பெயர் இருக்கிறதா, கண்ணாடி வளையத்துக்குள் பாதி மறைந்துவிட்டதா என்று பாருங்கள். தேதி ஜன்னலின் விளிம்பில் பூச்சு தடித்து வழிந்திருந்தால் அதுவும் சாட்சி. டயலின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று தெரிந்தால், பூசியவர் திசை தவறாமலிருக்கப் போட்ட அடையாளமாக இருக்கலாம்.

இனி, காலம் செய்த குறைகள். இவற்றில் சிலவற்றைச் சேகரிப்பவர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள். கறுப்பு டயல் வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பானால் அதற்கு ‘டிராப்பிக்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1960களின் ஒமேகா, ரோலக்ஸ் டயல்கள் சிலவற்றில் இது அழகாக விழுந்திருக்கும். 1980களில் வந்த ரோலக்ஸின் பளபளப்பான கறுப்பு டயல்கள் சிலவற்றில் மேற்பூச்சு சிலந்தி வலைபோல் விரிசல் விட்டது. அதற்கு ‘ஸ்பைடர்’ டயல் என்று பெயர். 1988இல் வந்த 16520 என்ற எண்ணுள்ள ரோலக்ஸ் டேடோனாவில், டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்களின் வெள்ளி வளையங்கள் சில ஆண்டுகளின் தயாரிப்பில் பழுப்பாகின. ஏல நிபுணர் ஒஸ்வால்டோ பட்ரிசியின் பெயராலேயே அந்த டயல்கள் இன்று அறியப்படுகின்றன. மூன்றுமே உண்மையில் தயாரிப்புக் குறைகள். பூச்சு ஒழுங்காக இருந்திருந்தால் நிறம் மாறியிருக்காது, விரிசல் விட்டிருக்காது. ஆனால் கை படாமல் காலம் செய்தது என்பதால் அவற்றுக்கு மதிப்பு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘டிராப்பிக்கல்’ என்ற சொல் விற்பவர்களுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. தண்ணீர் புகுந்து திட்டுத்திட்டாகக் கறைபட்ட டயலுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். வெயில் செய்த மாற்றம் பெரும்பாலும் சீராகப் பரவியிருக்கும். ஈரம் செய்தது ஓரத்திலிருந்து, அதுவும் சாவி கொடுக்கும் குமிழின் பக்கத்திலிருந்து, உள்நோக்கிப் படரும், கரை கட்டும், பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். முதலாவது நின்றுபோன குறை. இரண்டாவது வளர்கிறது. டயலில் ஈரம் இவ்வளவு செய்திருந்தால் அதன் அடியிலுள்ள எஃகுத் துண்டுகளுக்கு என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒளிரும் பூச்சும் முள்களும்

இங்கே அழகைவிடப் பாதுகாப்பு முதலில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960கள் வரை டயல்களில் ஒளிர்ந்தது ரேடியம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அந்தப் பூச்சைப் பூசிய இளம்பெண்கள் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படியே தாடை எலும்பு அழுகியும் புற்றுநோய் கண்டும் பலர் இறந்தார்கள். ரேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளி தரும் துத்தநாகச் சேர்மம் எப்போதோ செத்துப்போயிருக்கும்; கதிர்வீச்சு அப்படியே இருக்கும். ஆகவே, ஒளிராத ரேடியம் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். மூடிய கேஸுக்குள் இருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. உதிரும் பூச்சைச் சுரண்டுவது, ஊதுவது, தூசியை மூச்சில் இழுப்பது ஆகியவைதான் ஆபத்து. பூச்சு பொடிந்திருக்கும் ரேடியம் கடிகாரத்தை நீங்களே திறக்காதீர்கள். பலவற்றைச் சேர்த்து ஒரே மூடிய பெட்டியில், படுக்கையறையில் வைக்காதீர்கள். ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவை வெளியிடும்.

அதன் பின் வந்தது டிரிட்டியம். டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அதுதான். அரையாயுள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம்; எனவே 1970களின் டிரிட்டியம் இன்று இருட்டில் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. புற ஊதா விளக்கை அடித்து அணைத்துப் பாருங்கள். சில நொடிகள் மினுங்கி அடங்கினால் பொருந்துகிறது. ஐந்து நிமிடம் பச்சையாக எரிந்தால், பூச்சு புதியது. ரேடியம், டிரிட்டியம் காலத்து டயலில் அது கையின் வேலை. முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே மாதிரி மங்குகின்றனவா என்றும் பாருங்கள். டயல் பூச்சு தேன் நிறத்திலும் முள் வெள்ளையாகவும் இருந்தால், முள் மாற்றப்பட்டது அல்லது மறுபடி பூசப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த குறை ஒன்று இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ரேடியம் முள்கள் பல ஆண்டு ஒரே இடத்தில் நின்றிருந்தால், அவற்றுக்குக் கீழே டயலில் முள்ளின் நிழல் பழுப்பாகப் பொசுங்கியிருக்கும். எந்த மணிக்கு அந்தக் கடிகாரம் நின்றுபோனது என்பதை டயலே சொல்லும். அசல் என்பதற்கு இதைவிட நல்ல கையெழுத்து இருக்க முடியாது.

முள்களைப் பற்றித் தனியாக அதிகம் இல்லை. நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். குட்டையாக நின்றால் வேறொன்றிலிருந்து வந்தது.

நான்காம் படி: கேஸ்

கீறல்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கீறலே இல்லாத பழைய கேஸைப் பார்த்துப் பயப்படுங்கள். ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் உலோகம் கொஞ்சம் போகிறது. வார் பொருந்தும் நான்கு காதுகளையும் மேலிருந்து பாருங்கள்: நான்கும் ஒரே தடிமனா? விளிம்புகள் கத்திபோல் கூராக இருக்கின்றனவா, சோப்புக் கட்டிபோல் மழுங்கிவிட்டனவா? காதில் துளை இருந்தால் அது விளிம்புக்கு மிக அருகே வந்துவிட்டதா? பின்மூடியின் எழுத்துகள் தேய்ந்து ஆழமிழந்திருக்கின்றனவா? மழுங்கிய கேஸ் இனி கூராகாது.

தங்க நிறத்தில் இருந்தால், அது திண்ம உலோகமா முலாமா என்று பின்மூடியின் உட்புறமும் காதுகளின் பின்புறமும் சொல்லும். 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பொறித்திருந்தால் முலாம். 20 மைக்ரான் என்பது ஒரு தலைமுடியைவிடச் சில மடங்கு மெல்லியது. காதின் முனையிலும் குமிழைச் சுற்றியும் பித்தளை எட்டிப் பார்ப்பது இயல்பு. பார்க்கக் கசந்தாலும் அது நேர்மையான தேய்மானம். குரோமிய முலாம் பூசிய பித்தளைக் கேஸ் அப்படி அல்ல. முலாம் உரிந்த இடத்தில் வியர்வை இறங்கிக் குழிகுழியாக அரிக்கும். பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பை மரக்குச்சியால் எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. எஃகுக் கேஸிலும் ஒரு மறைவிடம் உண்டு. பின்மூடியின் ரப்பர் வளையம் அமரும் பள்ளத்தில் அரிப்பு இருந்தால், புது வளையம் போட்டாலும் ஈரம் நிற்காது.

அக்ரிலிக் கண்ணாடியின் கீறல் ஒரு குறையே அல்ல. மெருகுப் பசையும் மெல்லிய துணியும் கொண்டு கால் மணி நேரம் தேய்த்தால் போய்விடும். விலை பேசும்போது மட்டும் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: திறக்காமலே இயந்திரத்தைக் கேட்பது

சாவி கொடுத்துப் பாருங்கள். கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சில பத்துத் திருகல்களில் குமிழ் இறுகி நிற்க வேண்டும். முடிவே இல்லாமல் சுற்றினால், இயந்திரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வகையில் முடிவில்லாமல் சுற்றுவது இயல்பு. முழுக்க இறுகியும் ஓடவில்லை என்றால், ‘அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். அதை நம்பாதீர்கள். முழுச் சாவியில் நிற்பதுதான் ஸ்பிரிங்கின் இயல்பு. ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினானது. அப்படியானால் அது நின்றுபோன குறை. நல்ல சர்வீஸ் ஒன்று போதும்.

குமிழை இழுத்து முள்ளைத் திருப்புங்கள். சற்று எதிர்ப்பு இருக்க வேண்டும். வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றினால், உள்ளே ஓட்டம் சரியாக இருந்தும் முள்கள் பின்தங்கும். தேதியைச் சோதிக்க வேண்டுமானால், இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரையிலான நிலையில் முள்கள் இருக்கும்போது வேகமாக மாற்றாதீர்கள். தேதிச் சக்கரத்தைப் பற்றியிருக்கும் பற்கள் உடையக்கூடும். அப்படி உடைத்தவர் நீங்களாகிவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

காதில் வைத்துக் கேளுங்கள். டயல் மேல்நோக்கி, கீழ்நோக்கி, பக்கவாட்டில் என்று மூன்று நிலைகளில் கேளுங்கள். ஒரு நிலையில் மட்டும் துடிப்பு சோர்ந்தால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை தேய்ந்திருக்கலாம். அதிர்வு தாங்கும் இன்காப்ளாக் அமைப்பு 1934இல் வந்தது. அத்தகைய காப்பு இல்லாத கடிகாரம் ஒரு முறை கீழே விழுந்தாலே அந்த முனை உடையும். ஆட்டோமேட்டிக் என்றால் மெல்ல அசையுங்கள். உள்ளே உலோகம் உரசும் ஒலி கேட்டால், கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டரின் அச்சு தேய்ந்து, அது பின்மூடியில் இடிக்கிறது. ஒவ்வோர் அசைவிலும் உலோகத் தூள் இயந்திரத்துக்குள் விழுகிறது என்று பொருள். இது வளரும் குறைக்குச் சரியான எடுத்துக்காட்டு.

நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும் கடிகாரம் கிடைத்தால் முகத்தில் எதையும் காட்டாமல் திசைகாட்டியை எடுங்கள். கடிகாரத்தை அருகில் கொண்டுபோகும்போது ஊசி ஆடினால், காந்தம் ஏறி, பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் நீக்கும் சிறு கருவியில் சில நொடி வேலை. விற்பவர் அதைப் பெரும் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது உங்கள் நல்ல நாள்.

ஈரம் உள்ளதா என்பதற்கு எளிய சோதனை: கடிகாரத்தைக் கையில் பொத்திச் சூடாக்கி, கண்ணாடியில் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுங்கள். துடைத்த பின் உள்பக்கம் பனி படர்ந்தால், வெளியேற வழியில்லாமல் உள்ளே நீர் இருக்கிறது.

ஆறாம் படி: திறந்த பின்

விற்பவரையே திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் விலையில் அந்த மறுப்பையும் சேர்த்துக் கழியுங்கள். முதலில் திருகாணித் தலைகளைப் பாருங்கள். பள்ளம் சிதைந்து, சுற்றிலும் கீறல் இருந்தால், கை தெரியாதவர் உள்ளே போயிருக்கிறார். துரு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். குமிழின் தண்டில் மட்டும் லேசான துரு என்றால் தண்டை மாற்றலாம். ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு செம்புள்ளி தெரிந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கிறுக்கிய சிறு எழுத்துகளும் எண்களும் இருந்தால் மகிழுங்கள்: பழுதுபார்த்தவர்கள் விட்டுச்சென்ற சர்வீஸ் குறிப்புகள் அவை.

துடிப்பு அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை நகர்த்தி எந்தக் கடிகாரத்தையும் நாளுக்குச் சில நொடிகளுக்குள் ஓட வைக்கலாம். பார்க்க வேண்டியது பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, அதாவது அது நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் சுழல்கிறது என்பது. முழுச் சாவியில், டயல் மேல்நோக்கியிருக்கும்போது 270 முதல் 310 பாகை வரை இருந்தால் நல்ல உடல்நிலை. வயதானவற்றுக்கு 240ஐயும் ஏற்கலாம். 200க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள். கருவியில் ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்ற அளவை அந்த இயந்திரத்துக்கு ஏற்ப அமைக்காவிட்டால் இந்த எண்ணும் பொய் சொல்லும்.

ஏழாம் படி: எல்லாம் ஒரே கடிகாரம்தானா?

மூன்று கடிகாரங்களின் எலும்பைச் சேர்த்து ஒன்றாக்கிய கதம்பங்கள் ஏராளம். ஒவ்வோர் உறுப்பும் அசல், சேர்க்கைதான் பொய். எண்களைக் கேளுங்கள். 1969இல் அறிமுகமான சைகோ 6139 என்ற ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபை (நிறுத்து கடிகாரமாகவும் பயன்படும் கடிகாரத்தை) எடுத்துக்கொள்வோம். பின்மூடியில் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்; அடுத்தது மாதம். 35 என்று தொடங்கினால் 1973 மே. தொடக்ககால டயல்களிலும் மூடிகளிலும் நீர் பற்றி ‘ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கும். பின்னர் அது ‘ரெசிஸ்ட்’ ஆனது. மூடி 1973ஐச் சொல்ல, டயல் ‘ப்ரூஃப்’ என்று சொன்னால், இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் அல்லர். இதுபோன்ற சிறு பொருத்தங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக உண்டு. முதல் படியில் ஒரு குடும்பம் என்று சொன்னது இதற்காகத்தான்.

எட்டாம் படி: கணக்கு

ஓடாத கடிகாரத்துக்கு இரண்டு விலைகள் உண்டு: வாங்கும் விலையும் ஓட வைக்கும் விலையும். இரண்டையும் கூட்டி, நன்றாக ஓடும் அதே மாடலின் விலையோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை முக்கால் பங்கைத் தாண்டினால் நான் விலகிவிடுவேன். மறைந்திருக்கும் குறைகளுக்கு அந்தக் கால் பங்கு வேண்டும்.

உதிரி பாகம் கிடைக்குமா என்பதை இயந்திரத்தின் எண் சொல்லும். ஸ்விஸ் இயந்திரங்கள் பலவற்றில் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் அது பொறிக்கப்பட்டிருக்கும். இயந்திரங்களைத் தயாரித்து விற்ற ஈட்டா, யூனிடாஸ் போன்றோரின் பொது இயந்திரங்களை எத்தனையோ நிறுவனங்கள் வாங்கித் தம் பெயரைப் பொறித்தன. அவற்றுக்குப் பாகம் கிடைக்கும். ராஸ்காஃப் வகை, அதாவது மாணிக்கக் கல்லுக்குப் பதில் உலோக ஊசிகளால் இயங்கும் மலிவு இயந்திரம் என்றால், டயல் அழகுக்காக வாங்கலாம், பழுதுபார்க்க வாங்காதீர்கள். 1960இல் வந்த, மின்கலத்தில் ஓடும் புலோவா அக்யூட்ரான் ஒரு தனி உலகம். நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவையின் ரீங்காரத்துக்காகவே அதை வாங்கத் தோன்றும். அந்த அதிர்வால் சுழலும் சிறு சக்கரத்தின் 300 பற்களை வெறுங்கண்ணால் பார்க்கவே முடியாது. தொடத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதற்குரிய 1.35 வோல்ட் பாதரச மின்கலமும் இப்போது இல்லை.

மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. 1969 டிசம்பர் 25இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சைகோ அஸ்ட்ரான் வந்தது. அதற்குப் பின்வந்த முதல் தலைமுறைக் குவார்ட்ஸ்கள் இயந்திரக் கடிகாரங்களைவிட ஆபத்தானவை. மின்கலம் கசிந்து முனைகளில் உப்பு பூத்திருந்தால் துடைத்துப் பார்க்கலாம். கம்பிச்சுருள் அறுந்திருந்தால் சிலர் மறுபடி சுற்றித் தருவார்கள். மின்னணுச் சில்லு செத்திருந்தால், அதே மாடலின் இன்னொரு பிணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வாங்கிய பின்

முதல் வாரம் எதையும் செய்யாதீர்கள். படம் எடுங்கள், எண்களையும் குறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள், நாளுக்கு எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதுங்கள். எண்ணெய் வறண்ட இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட விடாதீர்கள், அச்சுகள் தேயும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததைத் தெளிவாக, எழுதியே கொடுங்கள்: கேஸை மெருகேற்ற வேண்டாம், டயலைத் துடைக்க வேண்டாம், முள்ளில் பூச்சு பூச வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். இதை வாயால் மட்டும் சொன்ன ஒரு முறை, வைரம்போல் மின்னும் கேஸோடு என் கடிகாரம் திரும்பி வந்தது. காதுகளின் விளிம்புகள் போயிருந்தன. செய்தவர் அன்பாக, அதற்குக் கூலிகூட வாங்கவில்லை.